சின்னத்துரை விழுந்த செய்தி

செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கணக்கெழுதும் கனகசுந்தரம் கிராணிக்கு ஆங்கிலம் தெரியும் என்பது ஊரறிந்த விஷயம். எவ்வளவு தெரியும் என்பது அவர் ஒருவர் மட்டுமே அறிந்த விஷயம். 1918, மே மாதத்தில் ஒரு காலை, அந்த ரகசியம் சந்திக்கு வரப் பார்த்தது.

ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு அன்று பெரிய துரையே வந்து நின்றார். கையில் ஒரு கடிதம். அவர் மகனைப் பற்றியது. சண்டைக்குப் போகும்வரை இதே தோட்டத்தில் சின்னத்துரையாக இருந்தவர். பிறகு பிரான்சில் குதிரைப்படை கேப்டன்.

"நான் வாசிக்கறது. நீ சொல்றது," என்றார் துரை. அவருடைய தமிழ் அவ்வளவுதான். குரல் கம்பியாக விறைத்திருந்தது. கிராணி கணக்குப் போட்டார். ஒரு சொல் பிசகினால் இந்த மனிதர் எல்லார் முன்னும் உடைந்துபோவார். உடைத்த பாவம் தன் தலையில்தான் விடியும்.

முதல் பாதியில் தப்பித்துவிட்டார். போன வருடம் குண்டுமழைக்குள் குதிரையை விரட்டி, காயம்பட்ட இருவரைச் சின்னத்துரை தூக்கி வந்தார். அதற்கு ராஜா பதக்கம் கொடுத்தார். கூட்டம் வாய்பிளந்து கேட்டது. அப்புறம் இந்த மார்ச் மாதம். காட்டோரத்தில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி. முன்னால் பாய்ந்தார். குதிரை சூடுபட்டுச் சாய்ந்தது. வாளோடு ஓடினார்.

துரை நிறுத்தி, கடைசி வரியை வாசித்தார். "ஹி ஃபெல் அட் த ஹெட் ஆஃப் ஹிஸ் மென்."

ஃபெல் என்றால் விழுந்தார். ஹெட் என்றால் தலை. மென் என்றால் ஆட்கள். இதில் தப்புப் பண்ண என்ன இருக்கிறது?

"விழுந்திட்டார்," என்றார் கிராணி. "தன்ர ஆக்களின்ர தலையில."

வரிசையில் நின்ற பால்வெட்டுக்காரி வெள்ளையம்மா சிரித்துவிட்டாள். ரப்பர் பால் வாளியால் வாயை மூடியும் அடங்கவில்லை.

துரை கடிதத்தை மடித்துக்கொண்டு அவள் எதிரே போய் நின்றார். "ஏன் சிரிப்பு?"

வேலை போயிற்றென்று கிராணி மனசுக்குள் சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறிவிட்டார். "ஒண்டும் பறையாத, பிள்ளை," என்று அவளைத் தடுத்து முணுமுணுத்தார்.

"தொரை கேக்குறாங்கல்ல, சொல்லிப்புடுறேன் கிராணியாரே. சின்னத்தொரைக்கு விழுறது புதுசா? வாரம் ஒரு தடவ குதிரை தள்ளிவிடும். ஒரு நா என் பால் வாளிக்குள்ளயே தலைகுப்புற. வெள்ளைக்கு மேல வெள்ளை. நாங்க சிரிச்சா அவரும் சிரிப்பாரு. ஒடனே எந்திரிச்சு அதே குதிரையில ஏறுவாரு. அந்த நெனப்புல சிரிச்சுட்டேன்."

கிராணி தடுமாறித் தடுமாறி, வாளி உட்பட ஒன்றையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். துரையின் உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை.

"எத்தனை தடவை?"

"யாரு எண்ணுனா தொரை." அவள் கிராணி பக்கம் திரும்பினாள். "இந்தத் தடவ எந்திரிக்கலையா?"

கிராணி வாயைத் திறந்தார்.

மொழிபெயர்ப்புக்குத் துரை காத்திருக்கவில்லை. "இல்லை," என்றார். "எந்திரிக்கலை."

வெள்ளையம்மா வாளியைக் கீழே வைத்தாள். வரிசை நெடுக ஒவ்வொரு வாளியாகத் தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. கிராணியிடம் வாளி இல்லை. தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தார்.