நாலு முடிக்கு நல்ல தண்ணீர்

முடிதிருத்துபவருக்குத் தன் கடையின் மீன்தொட்டிச் செடிகள் என்றால் உயிர். அவற்றுக்கு உரமாக ஊற்றும் திரவ கார்பனை எந்தத் தண்ணீரில் கலந்து வைப்பது என்று ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டார். குழாய்த் தண்ணீரில் குளோரின், கிணற்றுத் தண்ணீரில் உப்பு. கடைசியில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் மச்சானிடம் டிஸ்டில்டு வாட்டர் வாங்கினார். காலி ஸ்ப்ரே பாட்டிலில் அதை நிரப்பி, ‘செடிக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டி, தலைக்கு அடிக்கும் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

அன்றே மச்சான் முடிவெட்ட வந்து உட்கார்ந்தார். தண்ணீர்ப் புராணம் பாடிக்கொண்டே தாராளமாகத் தெளித்து வெட்டி முடித்த முடிதிருத்துபவர், அதே சூட்டில் இன்னொரு பாட்டிலை எடுத்துக் கார்பனில் கவிழ்த்தார்.

துண்டால் தலையைத் துடைத்த மச்சான், மேசையில் காலியாக நின்ற பாட்டிலில் ‘செடிக்கு மட்டும்’ என்று இருந்ததைப் படித்தார்.

“மச்சான், செடிக்கு என்ன தண்ணி ஊத்துனீங்க?”

முடிதிருத்துபவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“குழாய்த் தண்ணிதான்” என்றார் மெதுவாக. “ஒரு வாரமா அலைஞ்சு தேடுன தண்ணி, உன் நாலு முடிக்குப் போயிடுச்சே!”

மச்சான் கண்ணாடியில் வழுக்கையைத் தடவிப் பார்த்தார்.

“இருக்கட்டும். முளைக்குதான்னு பாப்போம்.”