மூன்று விரற்கடை

அரியாலையில் விடியுமுன்பே பிலிப்பு கம்பி இழுக்கும் ஜக்கைத் தோளில் சுமந்து, கட்டிக்கொண்டிருந்த கலியாண மண்டபத்தின் மேல்தளத்துக்கு ஏறியிருந்தான். கடனீரேரிக் காற்று உப்பாய் முகத்தில் ஒட்டியது. கொங்கிறீற்றுக்குள் குழாய்களில் ஓடும் உருக்குக் கம்பிகளை இழுத்து இறுக்குவது அவன் வேலை. நடுவில் தூணில்லாத அகன்ற தளத்தை அந்த இறுக்கந்தான் தாங்கும்.

எவ்வளவு நீள்கிறது என்று பார்க்க, இழுக்குமுன் ஒவ்வொரு கம்பியிலும் நீலப் பூச்சால் கோடு போடுவான். பதினோராவது கம்பியில் ஜக்கின் அழுத்தமானி முள் முழு அழுத்தத்தைக் காட்டியது. ஏழு விரற்கடை நகரவேண்டிய கோடோ மூன்றில் நின்றது. அடுத்த நான்கும் அப்படியே.

கொங்கிறீற்று ஊற்றிய மழைநாள் நினைவுக்கு வந்தது. முதலாளி கத்தக் கத்த ஓடியதில் அவன் சப்பாத்து ஒரு குழாயை நசுக்கியிருந்தது. உள்ளே சீமெந்துப்பால் புகுந்து கம்பியைப் பிடித்துவிட்டது.

முதலாளி அருட்பிரகாசம் மேலே வந்தார்.

"கம்பி வாலுகளை வெட்டிப் பூசு. கீழை முட்டுகளைக் கழட்டச் சொல்லு. வாற கிழமை திறப்புவிழா."

"வெட்டினால் திரும்ப இழுக்கேலாது, முதலாளி. முட்டுகளை எடுத்தால் தளம் இறங்கும். கீழை பொம்பிளையள் மாபிள் சுமக்கினம்."

"முள்ளு முழுக்கக் காட்டினதுதானே?"

"இழுத்ததை முள்ளு சொல்லும். உள்ளை போய்ச் சேரேல்லை எண்டதைக் கோடு சொல்லுது. குழாயை மிதிச்சவன் நான்தான்."

அவர் சிரித்தார். "அப்ப பிழை உன்ரை. நீ வீட்டை போ. மற்றாக்கள் கழட்டட்டும்."

பிலிப்புக்கு நெஞ்சு கொதித்தது. ஏழைகளின் தலைக்குமேல் பொய்யைத் தொங்கவிட்டுவிட்டு ஏற்றுகிற குத்துவிளக்கை எந்தக் கடவுள் ஏற்பார்?

சத்தம் கேட்டு மாபிள் சுமக்கும் குணலட்சுமி ஏறிவந்தாள். காலையில் தன் ரொட்டியில் பாதியை அவனுக்குப் பிய்த்துக் கொடுத்தவள்.

"ஒரு சப்பாத்து அஞ்சு குழாயை மிதிக்குமே, முதலாளி? அண்டைக்குக் கொங்கிறீற்றுச் சுமக்கேக்கை நானும் மிதிச்சனான். பாத்துக் கால்வைக்க நீங்கள் விட்டனீங்களே?"

"ஓம், நானும்தான்," என்றார் பின்னால் வந்த கம்பிகட்டும் முருகேசு. "இனி எல்லாரையும் வீட்டை அனுப்புங்கோ."

"வேறை ஆக்களைக் கூப்பிடுவன்!"

"கூப்பிடுங்கோ. அவையளுக்கும் நீலக் கோட்டைக் காட்டுவம்," என்றார் முருகேசு.

அருட்பிரகாசம் கைபேசியோடு இறங்கிப் போனார். கீழே சுத்தியல்கள் ஒவ்வொன்றாய் மணலில் விழுந்தன. முட்டுக்கு ஒருவராய் வேலையாட்கள் முதுகு சாய்த்து உட்கார்ந்தார்கள்.

பிலிப்பு தூரிகையை எடுத்து, ஒவ்வொரு கம்பிக்கும் அருகே 'மூன்று' என்று பெரிதாய் எழுதத் தொடங்கினான். குணலட்சுமி பூச்சுத் தகரத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.