ஒத்திவைக்கப்பட்ட டூபா

மர்க்கெனுவா ஊர் பேண்டு குழுவுக்கு நூற்றைம்பது வயது நிறைந்தபோது, விழா மலரில் அஷீல் பிரிஸாரைப் பற்றி நான்கு பக்கம் எழுதும் வேலை ஒதில் வத்தேலின் தலையில் விழுந்தது. ஒதில் தபால் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குழுவில் கிளாரினெட் வாசிப்பவள். எப்பேர்ப்பட்ட கோழிக்கிறுக்கலையும் படித்துவிடுவாள் என்று ஊரில் பெயர்.

அஷீலைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான். அவருடைய கல்லறைமேல், டூபா என்னும் வயிறு பெருத்த பித்தளை ஊதுகருவியை ஆளுயரத்துக்குக் கல்லில் செதுக்கி வைத்திருந்தார்கள். கீழே, 'நன்றியுடன், குழுவினர் அனைவரும், 1931.' மேதையாக இல்லாமலா இவ்வளவு பெரிய கல் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. குழுத் தலைவர் உர்த்ரேல் பயிற்சிக் கூடத்துக்குப் பலகையே எழுதி வாங்கிவிட்டார்: 'மாபெரும் கலைஞர் அஷீல் பிரிஸார் கூடம்.'

குழுவின் பழைய குறிப்பேடுகள் லீல் நகர ஆவணக் காப்பகத்தில் இருந்தன. ஒதில் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். 1907: 'பிரிஸார் இன்றும் எல்லோருக்கும் பின்னால் முடித்தார்.' 1909: 'பக்கத்து வீட்டுக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டதாகப் புகார்.' 1911 போட்டியில் நடுவர் எழுதியது: 'டூபா: துணிச்சல்காரர்.'

ஒதிலுக்குச் சிரிப்பு பீறிட்டது. காப்பக அலுவலர் கண்ணாடிக்கு மேலாக முறைத்தார்.

போர் நடந்த நான்கு வருடங்களுக்குக் குறிப்பே இல்லை. 1919-இல் மறுபடி தொடங்கியது: 'பிரிஸாருக்கு டூபா வாங்கும் யோசனை. மிகுந்த நன்றியுடன் ஒத்திவைக்கப்பட்டது.' 1920: 'ஒத்திவைக்கப்பட்டது.' 1922: 'டூபா இல்லாத குறைக்கு வாயால் பாடுவதை நிறுத்தும்படி பிரிஸார் அன்புடன் கேட்டுக்கொள்ளப்பட்டார்.' இப்படியே பன்னிரண்டு வருடம். 1931 மார்ச்சில் அவர் இறந்தார். ஏப்ரலில்: 'டூபா வாங்க ஏகமனதாகத் தீர்மானம். கல்லில்.'

சரி, நன்றி எதற்கு? அதுதான் பிடிபடவில்லை. துவே நகரில் அவருடைய பேத்தி மொரிசெத் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒதில் அங்கே போனாள். மொரிசெத்துக்கு எண்பத்தாறு வயது.

"உள்ள வாம்மா, மழையில நிக்காத. தாத்தாவைப் பத்தியா? அவர் ஊதினா வீட்டு நாயே வெளியேறிடுமாம்!"

"அப்புறம் ஏன்மா அவருக்கு அவ்வளவு பெரிய கல்லு?"

மொரிசெத் சிக்கரி காப்பியை ஊற்றினாள். "ஜெர்மன்காரன் ஊரைப் பிடிச்சப்ப, உருக்கிக் குண்டு செய்யப் பித்தளைன்னு ஒண்ணு விடாம பிடுங்கிக்கிட்டுப் போனான். குழுவோட இருபத்திமூணு வாத்தியத்தையும் தாத்தா தன் பீர் கடை நிலவறையில வெச்சு, முன்னால சுவர் எழுப்பி மறைச்சுட்டார். சோதனை போட வந்தவனுக்கு ஒண்ணாவது காட்டலைன்னா சுவரை இடிப்பான்ல? தன் டூபாவைத் தூக்கிக் கொடுத்து, 'இந்த ஊருக்கே இது ஒண்ணுதான்'னார். 'வாசிச்சுக் காட்டு'ன்னான் அதிகாரி. வாசிச்சார். இந்த ஊர்ல சங்கீதமே கிடையாதுன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டான்!"

ஒதிலுக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. பிறகு மெல்லக் கேட்டாள்: "திரும்ப ஏன் வாங்கிக் குடுக்கலைன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? டூபா போன அன்னிக்குக் கடையைத் திறக்காம உக்காந்திருந்தாராம், பாவம். ஆனா அப்புறம் வருஷா வருஷம் கேட்டது, அவனுங்க முழிக்கிற முழியைப் பாக்கத்தான்."

நான்கு பக்கத்தையும் படித்த உர்த்ரேலுக்கு முகம் வெளிறியது. "ஒதில், மானம் போயிடும். போரை வெச்சுக்கோ, கோழியை எடுத்துடு."

"கோழி போனா நானும் போறேன், தலைவரே. வேற கிளாரினெட் பாத்துக்குங்க."

"பலகைக்கு என்ன பண்றது?"

"முதல் ரெண்டு வார்த்தைக்கு மேல சுண்ணாம்பு அடிங்க."

விழாவன்று ஒதில் மேடையேறிப் படித்தாள். கோழிப் புகாரில் ஓரிருவர் செருமினார்கள். வாயால் பாடிய இடத்தில் கூடமே குலுங்கியது. நிலவறைச் சுவருக்கு வந்தபோது ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை. முன் வரிசையில் மொரிசெத் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

விருந்தில் அடுத்த ஊர்க் குழுவின் தலைவர் ஒதிலை ஓரம் கட்டினார். "எங்க ஊர் முரசுக்காரர் ஒருத்தருக்கும் சிலை இருக்கு. ஏன்னுதான் யாருக்கும் தெரியல."

"நல்லா வாசிப்பாரா?"

"அதைக் கேக்கத்தான் பயமா இருக்கு."

ஒதில் திங்கட்கிழமை முதல் ரயிலில் லீல் காப்பகத்துக்குப் புறப்பட்டாள்.