கணக்கில் வராத காது

அலுவலகத்தில் அவனுக்குத் துடைப்பம் என்று பேர். வைத்தவர் பக்கத்து மேசைக்காரர். கணினி நிரலுக்குள் யாருக்கும் பயன்படாமல் கிடக்கிற வரிகளைத் தேடிப் பிடித்து நீக்குவதுதான் அவன் வேலை.

அந்தக் கம்பெனி ஒலிப்பெட்டி செய்து விற்றது. கணினிக்கும் காதில் மாட்டுகிற ஹெட்போனுக்கும் நடுவில் உட்காரும் கையகலப் பெட்டி. பெட்டியும் கணினியும் பேசிக்கொள்ள ஒரு நிரல் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். வருஷக்கணக்காக ஆளாளுக்கு எழுதிவிட்டுப் போன டிரைவர், குடிவந்தவனெல்லாம் ஆணி அடித்துவிட்டுப் போன வாடகை வீடு மாதிரி இருந்தது.

ஆணி பிடுங்குவதற்கும் ஒரு முறை உண்டு. நிரலுக்குள் வேறு எந்த வரியாவது இதைக் கூப்பிடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு, வெளியே வாங்கினவர்கள் யாராவது பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும். விற்ற பெட்டியெல்லாம் தன்னை எப்படி நடத்துகிறார்கள் என்று கம்பெனிக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். வேண்டாம் என்கிறவர் ஒரு டிக்கை எடுத்துவிட்டால் போதும், சேதி நின்றுவிடும். வந்த சேதியெல்லாம் ஒரு பலகையில் எண்ணாக ஓடும். பூஜ்யம் என்றால் வெட்டு. மேலாளரின் சட்டம் அது.

அன்றைக்கு அவன் கையில் சிக்கியது ‘ஏழாம் முறை’ என்று பேர் போட்ட ஒரு வரிக்கூட்டம். எதற்கு என்று எழுதினவன் ஒரு வார்த்தை எழுதி வைக்கவில்லை. சத்தத்தில் எதையோ இரண்டாகப் பிரிக்கிறது என்று மட்டும் தெரிந்தது. எங்கோ பார்த்த மாதிரியும் இருந்தது. இத்தனை வருஷத்தில் எல்லா வரியும் எங்கோ பார்த்த மாதிரிதான் இருக்கும்.

"என்ன துடைப்பம், இன்னிக்கு யாரு தலை?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"ஏழாம் முறைன்னு ஒண்ணு. பலகையில பூஜ்யம்ணே."

"அப்புறம் என்ன மூக்குல கைவச்சுப் பாத்துக்கிட்டு? தூக்கிப் போடு. சாப்பிடப் போலாம், பசிக்குது."

தூக்கிப் போட்டான். அவன் வேலையில் அரைகுறை கிடையாது. ஏழாம் முறையை ஒட்டிக்கொண்டிருந்த குட்டி குட்டி வரிகளையும் வேரோடு பிடுங்கினான். கூட்டத்தில் மேலாளர் எல்லோரையும் கைதட்ட வைத்தார். புது டிரைவர் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது.

போய்ச் சேர்ந்த மறுநாள் அக்கா போன் செய்தாள்.

அவனும் அக்காவும் ஒரே வீடு. அவளுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. குடிநீர்க் குழாய்ப் புகார்களைப் போனில் வாங்கும் அலுவலகத்தில் வேலை. வலது காதில் புகார் சொல்கிறவர் பேசுவார். இடது காதில், திரையில் உள்ளதை ஒரு குரல் படிக்கும். இரண்டையும் பிரித்து வாங்கிக்கொண்டு, பேச்சு முடிவதற்குள் ஆளை அனுப்பிவிடுவாள். "உங்க அக்காவுக்கு ரெண்டு மூளை" என்று அந்த அலுவலகத்தில் சொல்வார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிக்க அவளுக்கு அலுத்ததே இல்லை.

"தம்பி, உன் பெட்டிக்கு என்னடா வந்துச்சு? ரெண்டு காதுலயும் ரெண்டு பேரும் சேர்ந்து கத்துறாங்க."

"பொறுமையா சொல்லுக்கா."

"பொறுமையா என்னத்தச் சொல்ல? குழாய் உடைஞ்சு வீட்டுக்குள்ள தண்ணின்னு ஒரு அம்மா அழுவுது. அது மேலயே இந்தக் குரல் வேற யாரோட விலாசத்தையோ படிக்குது. நான் வேற தெருவுக்கு ஆளை அனுப்பிட்டேன்டா."

ஏழாம் முறையை எங்கே பார்த்தான் என்பது இப்போது நினைவுக்கு வந்தது. வாங்கினவர்கள் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிய பெட்டிகளில் ஒன்றை வாங்கிப் போய், அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த அலுவலகத்தில் மாட்டிக் கொடுத்தவனே அவன்தான். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று ஏழாம் முறையைத் தட்டிவிட்டதும் அவன்தான். கூடவே சேதி அனுப்புகிற டிக்கையும் எடுத்துவிட்டான். "எங்க ஆளுங்க வேவு பாப்பாங்கக்கா, நமக்கு எதுக்கு" என்று பெருமையாக வேறு சொன்னான். அந்தக் கம்பெனியில் தன் வீட்டுப் பெட்டியில் டிக்கை விட்டுவைத்தவன் ஒருவன் கிடையாது. என்னென்ன போகிறது என்று தெரிந்தவர்கள்.

மேலாளரிடம் ஓடினான்.

"திருப்பிப் போட்டுடலாம்பா. கணக்குல ஒரு ஆளாவது இருந்தா போதும். இல்லாத ஆளுக்காக நான் மேல போய் நிக்க முடியாதுல்ல?"

"எங்க அக்கா இருக்காங்க சார்."

"அக்கா இருக்காங்க, சரி. கணக்குல இருக்காங்களா?"

அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அக்காவின் அலுவலகத்துக்குப் போனான். பழைய டிரைவரைப் போட்டுக்கொள்ளலாமா என்று அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கெஞ்சினான்.

"இங்க உள்ள கணினி புதுசா வந்ததை மட்டும்தான் ஏத்துக்கும் சார். அந்தப் பூட்டு மேலிடத்துல இருக்கு. டிக் போடணும்னா போட்டுட்டுப் போங்க."

அக்கா கணக்கிலாவது வரட்டும் என்று டிக்கைப் போட்டான். பக்கத்தில் அக்கா ஹெட்போனை ஒரு காதில் வைத்து அழுத்துவதும் மறு காதுக்கு மாற்றுவதுமாக இருந்தாள். "மன்னிச்சுக்குங்கம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் யாரையும் இன்னொரு தடவை கேட்டு அவன் பார்த்ததில்லை.

மறுநாள் பலகையைத் திறந்தான். ஏழாம் முறை: பூஜ்யம்.

அதற்கு அடுத்த நாளும் பூஜ்யம். அப்புறம்தான் உறைத்தது. ஏழாம் முறையை இத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிச் சொல்கிற வரி, ஏழாம் முறைக்குள்ளேயே இருந்தது. வேரோடு பிடுங்கியதில் அதுவும் போய்விட்டது. இனி அவள் நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து கத்தினாலும் பலகைக்குக் கேட்காது.

மேலாளரிடம் படம் போட்டு விளக்கினான். அவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது.

"புரியுதுப்பா. ஆனா நீதான பூஜ்யம்னு எழுதிக் கொடுத்த? பலகையும் பூஜ்யம்னுதான் சொல்லுது. இதுல நான் யாரை நம்பாம இருக்கிறது? அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த வருஷம் வரை குழாய்கள் உடையாமல் காத்திருக்குமா? புகார் மேல் புகார் குவிந்தது. கோளாறு சரியாகிறவரை வீட்டில் இருக்கட்டும் என்று அக்காவை அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாளே அவள் நாற்காலியில் வேறு ஆள்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது, அக்கா கூடத்து மேசையில் ஒலிப்பெட்டியை வைத்துக்கொண்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றுகிற சத்தத்துக்கே தலையைத் திருப்பினாள்.

"எத்தனை வரிடா பிடுங்குன?"

"நானூறு இருக்கும்க்கா."

"கை தட்டுனாங்களா?"

அதை அவளிடம் யார் சொன்னார்கள்? கைதட்டு விழுந்த அன்றைக்கு அவனேதான் வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னான். அவளும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டாள்.

"தட்டுனாங்க."

"இப்ப உள்ள எல்லாம் சுத்தமா இருக்கா?"

அவன் கழற்றின செருப்பை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"கேக்குறேன்ல, சொல்லு. எந்தக் காதுல வேணா சொல்லு, இனிமே எல்லாம் ஒண்ணுதான்."

சுருட்டின ஒயரை நுனியில் முடிச்சுப் போட்டு, பெட்டியை அவன் பக்கமாகத் தள்ளிவிட்டாள். மேசை விளிம்புவரை வந்து நின்றது. அவன் அதைத் தொடவில்லை.