கோட்டுப் போட்ட படம்

1

நான் எடுக்காத ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது இந்தக் கதை. இதில் நொரீன் என்று ஒரு புகைப்படக்காரி வருகிறாள். அது நான்தான். ‘நான்’ என்று எழுத வெட்கமாக இருந்ததால் அவளுக்கு வேறு பெயர் வைத்தேன். (இதைக் கடைசிவரை ஒளித்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் இங்கே வேண்டாம்.)

2

முதல் தொடக்கம்: “தொமேகிச்சியின் வலது கையில் சிப்பி கிழித்த தழும்புகள்...”

அடித்துவிட்டேன்.

இரண்டாவது: “புரூமில், கடல் வற்றிய சேற்றில், பனியனோடு நின்ற கிழவரின் விளங்காத கால்...”

அதையும் அடித்தேன். பாருங்கள், எழுத உட்கார்ந்தாலும் முதல் வேலையாக அவர் சட்டையைத்தான் கழற்றுகிறேன்.

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தொமேகிச்சி ஜப்பானின் தைஜியிலிருந்து பதினெட்டு வயதில், முத்துக்குளிக்கும் துறைமுகமான புரூமுக்கு வந்தார். முத்துச்சிப்பிக்காக முப்பது வருஷம் கடலில் மூழ்கினார். ஒருமுறை ஆழத்திலிருந்து அவசரமாக மேலே இழுத்ததில் இடது கால் விளங்காமல் போனது. நொரீனின் அப்பாவும் ஜப்பானிலிருந்து வந்து அதே தொழில் செய்தவர்தான். அந்த உரிமையில், கிழவரின் வாழ்க்கையைப் படமெடுத்து பெர்த்தில் கண்காட்சி வைக்கிறேன் என்று கிளம்பினாள். எட்டு மாதம் போனாள். ஒவ்வொரு தடவையும் அவர் கறுப்புக் கோட்டும் டையுமாக, தலையில் எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு காத்திருப்பார்.

“மாப்பிள்ளை ரெடி!” என்பார் கூடக் குடியிருந்த பழைய கூட்டாளி கியோமாட்சு. “பொண்ணு யாருடா?”

“போடா. உன் மூஞ்சியை எவளாவது படம் எடுக்க வந்தாளா?”

நொரீன் சிரித்துவிட்டு, “அங்கிள், கோட்டைக் கழட்டிடுங்க. பனியன் போதும்” என்பாள்.

“ஒண்ணே ஒண்ணு இப்படி எடும்மா. ஊருல அக்காவுக்கு அனுப்பணும். அப்பா படத்துக்குப் பக்கத்துல மாட்டுவாங்க.”

எதற்கென்று அவளுக்குப் புரியாமல் இல்லை. சாவன்று பெட்டிக்கு முன்னால் வைக்கிற படம் அது. எங்கள் ஆட்கள் அதை வாயால் சொல்ல மாட்டார்கள், கோட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள்.

“அடுத்த தடவை, அங்கிள்.”

“போன தடவையும் இதைத்தானே சொன்னே?”

எட்டாவது மாதம் அவர் விடவில்லை. அவளிடம் ஒரே ஒரு பிலிம் சுருள் மிச்சம். அதைச் சாயங்கால வெளிச்சத்தில், அவர் சேற்றில் காலை இழுத்து நடப்பதற்காக வைத்திருந்தாள், அதில் ஒரு படத்தைக்கூட விட்டுக்கொடுக்க மனசில்லை. அதனால் நா... அதனால் நொரீன், பிலிம் போடாத கேமராவைத் தூக்கிப் பட்டனை அழுத்தினாள். “அருமையா இருக்கு அங்கிள்” என்றும் சொன்னாள்.

4

“அந்தப் படம் கழுவியாச்சா?” என்று மூன்று தடவை கேட்டார். “கழுவிக்கிட்டிருக்கேன்” என்றாள். கண்காட்சியில் அவர் சேற்றில் நடக்கிற படத்துக்குப் பரிசு கிடைத்தது. அதற்கு அடுத்த மாதம் ஒரு காலையில் அவர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

கியோமாட்சு அவள் வாசலுக்கு வந்தார்.

“அந்தக் கோட்டுப் படத்தைக் குடும்மா.”

“அது... சரியா விழல.”

“விழலியா?” அவருக்குப் பிடிபடவே இல்லை. “சிரிச்சேன்டா, பல்லு தெரியாம அழகா சிரிச்சேன்டான்னு வாரம் பூரா என் காதைத் தின்னானே!”

பரிசு வாங்கிய படத்திலிருந்து, மூச்சு வாங்கி வாய் பிளந்த முகத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தாள். பனியன் பட்டை தெரிந்தது. அதைத்தான் பெட்டிக்கு முன்னால் வைத்தார்கள். தைஜிக்கும் அதுதான் போனது.

5

ஒரு முடிவு: கேமரா காலி என்று அவருக்கு அன்றே தெரியும், மன்னித்துவிட்டார். (எனக்கு நானே மன்னிப்பு எழுதிக்கொள்வது. அடித்துவிட்டேன்.)

இன்னொன்று: நொரீன் கியோமாட்சுவிடம் உண்மையைச் சொல்கிறாள். (சொல்லவில்லை. தெருவில் பார்த்தால் இன்றும் நலம் விசாரிக்கிறார்.)

மிச்சம் ஒன்றுதான். அந்தச் சிரிப்பையாவது எழுதிக் கொடுத்துவிடுவது. “தொமேகிச்சி கோட்டுப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து...”

முடியவில்லை. பட்டனை அழுத்தும்போது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வெளிச்சம் போய்விடுமோ என்று.

இனி உங்கள் பாடு. அவரை உட்கார வையுங்கள். கோட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள். அவர் சிரிக்கும்போது தயவுசெய்து முகத்தைப் பாருங்கள்.