சூடு ஆறாத துண்டுகள்

1

எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்பார்கள். இந்தக் கதையை நான் பிடுங்கியது வீட்டிலிருந்து அல்ல, கடையிலிருந்து. என் அக்காவும் அவள் கணவரும் சேர்ந்து நடத்தும் சலவைக் கடை. இருவரும் மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டிக்கொண்டு போயிருந்தபோது அது எரிந்தது. யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டதால் இனி நான் தாராளமாகக் கிண்டல் செய்யலாம்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அக்கா தெருவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டே கதையின் முதல் வரியை யோசித்தேன். தீக்குக் காப்பீடு உண்டு, எழுத்தாளத் தம்பிக்கு எந்த நிறுவனமும் காப்பீடு தருவதில்லை.

யோசித்த வரி இது: "புகை ஒரு கறுப்புப் பறவையைப் போலச் சிறகை விரித்து

வேண்டாம். புகை புகையைப் போலத்தான் இருந்தது. எனக்கு இருமல் வந்தது.

2

வேறு தொடக்கம். கடையைக் காட்டிவிடுகிறேன்.

முன்னால் கல்லா, நடுவில் இஸ்திரி மேசை, அதற்குப் பின்னால் சலவை இயந்திரங்களும் ஆள் உயரத்துக்கு ஒரு உலர்த்தியும். கூரையில் புகை எச்சரிக்கை மணி உண்டு. இஸ்திரி ஆவிக்கெல்லாம் கத்துகிறது என்று மாமா (அக்காவின் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) அதன் பேட்டரியைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் போட்டிருந்தார். கடை எரிந்தபோது கடிகாரம் நிற்காமல் ஓடியது. தீயணைப்பானும் உண்டு. அதன் கழுத்தில் எந்நேரமும் ஒரு கொத்துக் கம்பி ஹேங்கர் தொங்கும். சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் ஹேங்கர்களை இறக்கிவிட்டு அதற்கு முகம் துடைத்துவிடுவார்கள்.

(அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கே: என் வீட்டுப் புகை மணியின் பேட்டரி எங்கே என்று கேட்காதீர்கள். டிவி ரிமோட் நன்றாக வேலை செய்கிறது.)

அக்காவின் பெருமை மடிப்பு. பக்கத்துத் தெரு மசாஜ் நிலையத்தின் துண்டுகள் எல்லாம் அவளிடம்தான் வரும். உலர்த்தி நின்ற மறுநொடி, கை சுடச் சுட எடுத்து மடிப்பாள். சூடாக மடித்தால் சுருக்கம் விழாதாம். மடித்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி அடுக்கி, மேலே ஒரு கம்பளியையும் போட்டு மூடுவாள். இஸ்திரியே வேண்டாம், செங்கல் மாதிரி நிற்கும். அந்த அடுக்கைப் பார்த்துப் பாராட்டாத வாடிக்கையாளர் இல்லை. நானும் பாராட்டியிருக்கிறேன்.

3

தீ அணைந்த பிறகு தீயணைப்பு அதிகாரி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வாசலில் மாமாவும் நானும் நின்றோம். அக்கா எதிர்ப்பக்கம், யாரோ கொடுத்த நாற்காலியில்.

"எண்ணெய்த் துண்டு துவைக்கிறீங்களா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க. மசாஜ் நிலையத்துது" என்றார் மாமா.

"எவ்வளவு துவைச்சாலும் எண்ணெய் முழுசாப் போகாது. அதைச் சூடா அடுக்கி மூடி வச்சா, உள்ள இருக்கிற சூட்டுக்கு வெளிய போக வழியில்லை. ஏறிக்கிட்டே போயி அதுவாப் பத்திக்கும். நெருப்புக்குச்சியே வேணாம். அடுக்கு நடுவுல இருந்துதான் ஆரம்பிச்சிருக்கு."

"துண்டு தானா எரியுமா?" என்று நான் கேட்டேன்.

"ஆற வச்சு மடிச்சிருந்தா எரிஞ்சிருக்காது."

மாமா எதிர்ப்பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தார். "மாப்ள, இது அவளுக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டா." நான் பதில் சொல்வதற்குள் தெருவைத் தாண்டிப் போய், அக்கா முன்னால் நின்று, "பூட்டறதுக்கு முன்னாடி பின்பக்கம் நின்னு ஒரு சிகரெட் பிடிச்சேன். சரியா அணைக்கலை போல" என்றார்.

சிகரெட்டை விட்டுவிட்டதாக அவர் அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். உண்மையிலேயே விட்டும் இருந்தார். செய்த சத்தியத்தை மீறிவிட்டுக் காப்பாற்றியதாகப் புளுகும் கணவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவர் காப்பாற்றிவிட்டு மீறியதாகப் புளுகினார்.

அக்கா அழுகையை நிறுத்தினாள். "வீட்டுப் பக்கம் வராதீங்க" என்றாள்.

4

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வருகிறது. இப்படி ஒரு உத்தமர் வேறு யாருடைய கதையிலாவது வந்தால், 'போதும்யா' என்று புத்தகத்தை மூடியிருப்பேன். ஆகையால் சமநிலைக்காகச் சில தகவல்கள்: மாமா குறட்டை விடுவார். பல் துலக்கும்போது தொண்டையைக் காறும் சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். இவை எனக்கு எப்படித் தெரியும் என்றால், அன்று முதல் அவர் என் வீட்டு சோபாவில்தான் படுக்கிறார். அது நான் உட்கார்ந்து எழுதும் சோபா. தியாகம் அவருடையது, இடுப்பு வலி என்னுடையது.

ஊரே ஒன்றுகூடி ஆறுதல் சொன்னது. "நெருப்பில்லாம புகையுமா, அந்தாளு எப்பவோ மறுபடி ஆரம்பிச்சிருப்பான்" என்றார் பெரியப்பா. மாமா தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிதலில் அவருக்குக் கொஞ்சம் சுகம் இருந்ததோ என்று

(இந்த வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறேன். என் வீட்டில் இருக்கும் மனிதர்.)

5

எரிவது ஒரு மதியத்தில் முடிந்துவிடுகிறது. மீள்வதுதான் பெரும்பாடு. உறவினர்கள் ஆளுக்கொரு ஈரத்துணியோடு உதவிக்கு வந்தார்கள். சுவரில் ஒட்டிய கரியை முதலில் காய்ந்த பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும், ஈரம் பட்டால் ஊறி இறங்கிவிடும். இது தெரிவதற்குள் பெரியப்பா ஒரு சுவர் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்து முடித்திருந்தார். தீ விட்டுவைத்த துணிகளைத் தண்ணீர் கெடுத்தது, தண்ணீர் விட்டுவைத்தவற்றைப் புகை நாற்றம் கெடுத்தது. ஒரு வழக்கறிஞரின் கறுப்பு அங்கி மட்டும் எந்த மாற்றமும் தெரியாமல் வீடு திரும்பியது.

அக்கா தேய்த்தாள், பூசினாள், புது உலர்த்தி வாங்கினாள். இன்று கடை திறப்பு. முதல் சலவைக்கு வருவது எது? மசாஜ் நிலையத்துத் துண்டுகள்.

இதை நேற்று மாமாவிடம் சொன்னபோது அவர் வாயில் வைத்த சோற்றை மென்று விழுங்க மறந்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. உண்மை தெரியாதவரை அக்கா அதேபோலத்தான் மடிப்பாள், அதேபோலத்தான் அடுக்குவாள். நாங்கள் அவள் மனதைக் காப்பாற்றிய லட்சணத்தில் அவள் உயிருக்கே உலை வைத்திருந்தோம்.

"நீங்களே போய்ச் சொல்லிடுங்க மாமா."

"இத்தனை நாள் கழிச்சு, 'நீதான்டி எரிச்ச'ன்னு எந்த வாயால சொல்றது? நீ ஏதாச்சும் பக்குவமாச் சொல்லேன். எழுத்தாளன்தானே நீ?"

சரி, பக்குவமாக முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: நான் சொல்கிறேன். அக்கா உடைந்து போகிறாள். மாமா ஓடி வந்து தாங்கிப் பிடிக்கிறார். (இருவரும் உடனே சிரிக்கிறார்கள். எனக்கே கூசுகிறது.)

முடிவு ஆ: யாரும் சொல்லவில்லை. கடை மறுபடியும் எரிகிறது, இந்த முறை அவள் உள்ளே. இலக்கியத் தரமான முடிவு. ஆனால் எனக்கு இருப்பது ஒரே அக்கா.

முடிவு இ: உலர்த்தி ரிப்பேர்.

6

நடந்தது இது. அதை எழுதும்போது கிண்டல் கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் அக்காவும் நானும் மட்டும். உலர்த்தி நின்றது. அவள் கதவைத் திறந்ததும் வெக்கை என் முகத்தில் அடித்தது. "அக்கா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

அவள் துண்டுகளை அள்ளினாள். மடிக்கவில்லை. ஒவ்வொன்றாக உதறிக் கம்பியில் அகலமாகப் போட்டாள். மின்விசிறியைத் திருப்பி வைத்தாள்.

"மடிக்கலையா?"

"ஆறட்டும்."

நான் கம்பியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்னடா முழிக்கிற? என் கடை எரிஞ்சா, எதனாலன்னு நான் போய்க் கேக்க மாட்டேனா? தீயணைப்பு நிலையத்துக்கே போனேன். அந்த அதிகாரி உக்கார வச்சுச் சொன்னாரு. 'உங்க வீட்டுக்காரர்கிட்டயும் தம்பிகிட்டயும் அன்னைக்கே சொன்னேனேம்மா'ன்னாரு."

"அப்புறம் ஏன் மாமாவைக் கூப்பிடலை?"

"எதுக்குக் கூப்பிடணும்? மனசு நோகக் கூடாதுன்னு பாத்தாராம். நான் திரும்பவும் சூடா அடுக்கியிருந்தா? உள்ள நான் இருந்திருந்தா? அதை யோசிச்சாரா? 'உன் கையாலதான்டி எரிஞ்சுது'ன்னு ஒரு வார்த்தை. அதைத் தாங்க மாட்டேன்னு அவரா முடிவு பண்ணிட்டாரு. நான் என்ன பச்சைப் புள்ளையா?" அவள் குரல் உடைந்தது. "இவ்ளோ நல்லவரோட எப்படிடா கடை நடத்தறது?"

"நான் போய்ச் சொல்றேன்."

"நீ சொல்லக் கூடாது. அவரா வரணும், அவர் வாயால சொல்லணும். வந்தா உள்ள விடுறேன்." ஒரு துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "அது சரி, நீயும்தானே தெரிஞ்சுக்கிட்டு இருந்த. இத்தனை நாளா என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல நா எழவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

7

வீட்டுக்குத் திரும்பினேன். அக்கா சொன்னதை மீறாமல் மாமாவை எப்படிக் கிளப்புவது என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். சட்டைப் பித்தான்களை இடம் மாற்றிப் போட்டிருந்தார்.

"மாப்ள, அவ துண்டையெல்லாம் சூடாவே மடிச்சு அடுக்கிட்டாளா?"

இங்கேதான் நான் பேனாவைக் கீழே வைக்கிறேன். 'இல்லை' என்பது உண்மை. அதைச் சொன்னால் அவர் பெருமூச்சு விட்டு என் சோபாவில் சாய்வார். ஆபத்து நீங்கிவிட்டதால் இனி எப்போதும் சொல்லமாட்டார். 'ஆமாம்' என்பது பொய். சொன்னால் தலைதெறிக்க ஓடிப்போய், தெருவே கேட்கும்படி அந்த ஒரு வார்த்தையை அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். ஆனால் இவ்வளவும் நல்லெண்ணத்தில் சொன்ன ஒரு பொய்யில் ஆரம்பித்ததுதான், அதுவும் எனக்குத் தெரியாமல் இல்லை.

என்னால் முடிவெடுக்க முடியவில்லை. உங்களுக்கு இந்தக் குடும்பத்தில் யாரும் சொந்தமில்லை, உங்களால் முடியும். கொஞ்சம் சீக்கிரம். அவர் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆமாமா, இல்லையா?