வடக்குத் தூம்பு

பெலோவெட்ஸ் ஊர்க்காரர்களுக்கு இருக்கிற திமிர் கொஞ்சநஞ்சமல்ல. மலை முகட்டில் முப்பது வீடு, ஒரு தேவாலயம், பாதி வருஷம் பனி, அவ்வளவுதான் ஊர். ஆனால் பேச்சைக் கேட்டால் ரெண்டு கடலும் இவர்கள் போட்ட பிச்சை என்று தோன்றும். எல்லாம் ராடோமிலின் பீர்க்கடைக் கூரை செய்கிற வேலை. அதன் வடக்குச் சரிவில் விழுகிற மழை ஓடையிறங்கி எல்பே நதியில் கலந்து, ஹாம்பர்க் வழியாக வடகடலுக்குப் போகும். தெற்குச் சரிவில் விழுவது மொராவா ஆற்றில் இறங்கி, டான்யூபைப் பிடித்து, கருங்கடலுக்குப் போகும். கடைக்குள் வடக்கு பெஞ்சில் உட்கார்கிறவன் தெற்கு பெஞ்சுக்காரனை "ஏய் கருங்கடல்" என்றுதான் கூப்பிடுவான்.

ராடோமிலுக்கு அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. அவருடைய அக்கா ஹெட்விகா இருப்பது ஹாம்பர்க்கில். யுத்தம் முடிந்து ஜெர்மன்காரர்களையெல்லாம் மூட்டை கட்டச் சொல்லி நாட்டைவிட்டே ரயிலேற்றியபோது, அக்காவின் புருஷன் எர்வினும் அதில் மாட்டிக்கொண்டார். ஜெர்மன் பேசுகிற குடும்பம்தான், ஆனால் நாலு வீடு தள்ளிப் பிறந்தவர், பெலோவெட்ஸைத் தவிர வேறு ஊரே அறியாத மனுஷர். "நீ செக் பொண்ணு, நீ இருந்துக்கலாம்" என்று அக்காவிடம் சொன்னார்கள். அக்கா புருஷனோடு ஏறிவிட்டாள். "இந்த ஊர் மண்ண இனிமே மிதிக்க மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அப்போது ராடோமிலுக்கு எட்டு வயசு.

நாற்பது வருஷம் மூடிக்கிடந்த எல்லை திறந்து அஞ்சு வருஷமாகிறது. ராடோமில்தான் ரெண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அக்கா வரவில்லை. போன குளிர்காலத்தில் எர்வின் இறந்து, எல்பே ஆற்றங்கரைக் கல்லறையில் அடக்கமானார். இங்கே பனி வழியை அடைத்திருந்ததால் அதற்குக்கூட ராடோமிலால் போக முடியவில்லை. கண்ணை மூடுவதற்குள் அக்கா ஒரே ஒரு தடவை இந்த வாசலில் வந்து நிற்கவேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு ஆசை.

அவள் வராவிட்டால் என்ன, பீர் போகுமே! வருஷா வருஷம் புனித அன்னாள் திருவிழாவன்று புதுப் பீப்பாயின் முதல் குவளையை எடுத்துக்கொண்டு ராடோமில் ஏணியேறுவார். வடக்குக் கூரையோரத் தகரத்தில் ஊற்றுவார். ஒரு வாரம் கழித்து அக்காவிடமிருந்து போன் வரும். "வந்துச்சுடா ராடா. கசப்பு பத்தல."

இந்த வருஷமும் ஊற்றினார். பித்தளை வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டிருக்க, ஊரே கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கடைக்குத் தெற்கே இருக்கிற தீயணைப்புக் குளத்தருகே ஒரே கூச்சல்.

"அண்ணே, இங்க நுரை வருது! கருங்கடல் ஜெயிச்சிடுச்சு!"

ராடோமில் ஏணியில் நின்றபடியே கல்லாகிவிட்டார்.

ஊர்த்தலைவர் கோபெட்ஸ்தான் தீயணைப்புப் படைக்கும் தலைவர். வசந்தத்தில் கடைக்குப் புதுத் தகரம் அடித்தபோது, குளம் வற்றுகிறதென்று, கூரைத் தண்ணீர் இறங்குகிற வடக்குத் தூம்பையும் சுற்றிக்கொண்டுபோய்த் தெற்கில் சேர்த்துவிட்டிருந்தார்.

"ஊர்க்கூட்டத்துல சொன்னேனேப்பா! நீ மூலையில குறட்டை விட்டுட்டு இருந்த."

"ஏன்யா, என்னை எழுப்பறதுக்கு உனக்கு என்ன கேடு?"

"தீப்பிடிச்சா உன் வடகடலா வந்து அணைக்கும்?"

ஊர் சிரித்தது. ராடோமில் காலிக் குவளையோடு இறங்கிக் கடைக்குள் போய்விட்டார்.

அடுத்த வாரம் போன் வந்தது. "வந்துச்சுடா ராடா. இந்த வருஷம் நல்ல நுரை."

ஆமாம்க்கா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பாவி மனுஷருக்கு அது வாயில் வரவில்லை.

"அக்கா... அது வரலக்கா. கோபெட்ஸ் தூம்ப மாத்திட்டான். பீரு கருங்கடலுக்குப் போயிடுச்சு."



"எந்தக் கோபெட்ஸ்? அந்த மூக்கொழுகியா?"

"அவனேதான். இப்ப ஊர்த்தலைவரு."

"நான் நேத்தே கல்லறைக்குப் போய் எர்வின்கிட்ட சொல்லிட்டேனேடா, ஊர்லேருந்து பீர் வந்திருக்குன்னு." போனை வைத்துவிட்டாள்.

போச்சு, இருந்த ஒரு நூலையும் நம் வாயாலேயே அறுத்துக்கொண்டோம் என்று ராடோமில் நொந்துபோனார். நாலு நாளாய்க் குடிக்கிற பீர் கசப்பா இனிப்பா என்று கேட்டால்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை வாசலில் நின்ற பஸ்ஸிலிருந்து கைத்தடியோடு அக்கா இறங்கினாள். தம்பியைக் கட்டிக்கொள்ளவில்லை, வீட்டைப் பார்க்கவில்லை. "எங்கடா அவன்?" என்றாள்.

கடைக்குள் கோபெட்ஸ் தெற்கு பெஞ்சிலிருந்து எழுந்தார். தொப்பையும் மீசையுமாக ஆறடி ஆள், அக்கா முன்னால் பள்ளிக்கூடப் பையனாகிவிட்டார்.

"இல்லக்கா... குளத்துல தண்ணி..."

"உன் குளத்துக்குப் பாதிக் கூரை போதும். போய் ஏணியக் கொண்டாடா."

கோபெட்ஸே ஏறினார், கோபெட்ஸே தூம்பைக் கழற்றி வடக்கே திருப்பினார். வடக்கு பெஞ்சுக்காரர்கள் கை தட்டினார்கள். ராடோமில் பெரிய குவளையில் பீர் பிடித்து அக்காவிடம் நீட்டினார். குடிப்பாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் குவளையை வாங்கிக்கொண்டு, கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏணியில் கால் வைத்தாள்.

"அக்கா, விழுந்து தொலைக்காதக்கா!" ராடோமில் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஊர் மண்ண மிதிக்க மாட்டேன்னீங்களே?" என்று கீழேயிருந்து ஒரு வம்புக்காரன் கேட்டான்.

"இப்ப ஏணியிலதானடா நிக்கிறேன்."

குவளையைச் சாய்த்து மெதுவாக ஊற்றினாள். தகரத்தில் சலசலவென்று ஓடி, தூம்பிறங்கி, வடக்கு ஓடைக்குப் போயிற்று.

"எர்வின், இந்தா. நம்ம ஊரு பீரு. இந்தத் தடவ நானே அனுப்புறேன்."

தெற்கு பெஞ்சுக்காரர்கள்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். அக்கா இறங்கி வந்து, சின்ன வயசில் உட்கார்ந்த ஜன்னலோர இடத்தைக் கேட்காமலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னடா நிக்கிற? எனக்கும் ஒண்ணு ஊத்து."

பீர் பிடிக்கப் போன ராடோமில், பீப்பாய்க்குப் பின்னால் நின்று அழுது முடித்துவிட்டுத்தான் திரும்பி வந்தார்.